இருக்கிறது, இருக்கிறதாம்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் கடலைப் பற்றிய பேச்சுக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. கண்மாய் நிறைந்தால் அதுவே நமக்குக் கடல். ஆயினும் திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறு, நீர் ஓடும் ஆண்டுகளில், கமுதியையும் முதுகுளத்தூர்ச் சீமையையும் கடந்து மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில்தான் போய்ச் சேருகிறது. நீர் மட்டுமன்று. 19ஆம் நூற்றாண்டில் தென்பாண்டிக் கரிசலில் விளைந்த பருத்தியும் மாட்டுவண்டிகளில் தூத்துக்குடிக்குப் போய் அங்கிருந்துதான் கப்பலேறியது. அந்நாளில் பெரிய கப்பல் எதுவும் தூத்துக்குடிக் கரையை அணுக முடியாது. ஆழம் குறைவு, அடியில் பாறை. ஐந்தாறு மைலுக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்ற கப்பலுக்குத் தோணிகளே பொதிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. கரிசல் சம்சாரியின் ஓராண்டு உழைப்பு, அவன் கண்டிராத சில பாறைகளைத் தோணித் தலைவனாகிய தண்டல் சரியாக நினைவில் வைத்திருந்தானா என்பதைப் பொறுத்திருந்தது.

பாய்மரக் காலத்துக் கடல் வரைபடங்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் ஓர் அறக்கேள்வி எழுகிறது. நேரில் கண்டறியாத ஓர் ஆபத்தைப் பற்றி, பிறர் உயிர் அதைச் சார்ந்திருக்கும்போது, நாம் என்ன சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்? சொல்லாவிட்டால் ஒரு கப்பல் உடையலாம். சொன்னால் இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொன்னவர்கள் ஆகலாம். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கேள்வியோடு கடலோடிகள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடியிருக்கிறார்கள்.

முதலில் நம் கடலைப் பார்ப்போம். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில் பவளத்தால் ஆன சிறு தீவுகளின் வரிசை ஒன்று உண்டு. அவற்றைச் சுற்றிலும், அவற்றுக்கு அப்பாலும், நீருக்கடியில் நம் மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் பாறைத் திட்டுகள். முத்துச் சிப்பிகள் வளர்ந்ததும் அப்பார்களில்தான். வடக்கே பாம்பனைத் தாண்டினால் இராமர் சேது என்றும் ஆதாம் பாலம் என்றும் பெயர் பெற்ற மணல் திட்டுகள். பெரிய கப்பல்கள் இவ்வழியே போக இயலாமல் இலங்கையைச் சுற்றிச் சென்றன. அங்கும் நிம்மதியில்லை. இலங்கையின் தென்கிழக்கில், கரையிலிருந்து பல மைல் தள்ளி, பெரிய பாசு, சிறிய பாசு என்னும் இரு பாறைத் தொடர்கள் படுத்திருக்கின்றன. திட்டு என்பதற்கான போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. உள்ளூரார் இராவணன் கோட்டை என்பர். 1873இலும் 1878இலும்தான் அவற்றின்மேல் விளக்குகள் எரியத் தொடங்கின. அதற்கு முன்பு அவ்வழியே சென்றவர்களுக்குத் துணை, வரைபடமும் செபமுமே.

வரைபடம் எவ்வாறு உண்டாயிற்று? ஈயக் குண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். குண்டின் அடியில் ஒரு சிறு குழி. அதில் விலங்குக் கொழுப்பு அப்பியிருக்கும். தரையைத் தொட்டு மேலே வரும்போது மணலோ சேறோ சிப்பித் துண்டோ அதில் ஒட்டி வரும். எதுவும் ஒட்டாமல் வந்தால் கீழே பாறை. நனைந்த கயிற்றைக் கைவீச்சால் அளந்து இத்தனை பாகம் என்பார்கள். நம் மீனவர்கள் பயன்படுத்தும் அதே பாகம்தான். கரையில் தெரியும் கோயில் கோபுரம், ஆலய மணிக்கூண்டு, தனிப் பனை, மணல்மேடு ஆகியவற்றில் இரண்டை ஒரே கோட்டில் சேர்த்துப் பார்த்து இடத்தை நிர்ணயிப்பார்கள். பிறகு அந்த எண்ணை அந்த இடத்தில் எழுதுவார்கள். பாம்பன் வாய்க்காலையும் பாக் நீரிணையையும் 18ஆம் நூற்றாண்டின் அறுபதுகளில் அளந்தவர் இளைஞரான ஜேம்ஸ் ரென்னல். பின்னாளில் வங்காளத்தை அளந்து புகழ்பெற்றவர். காவிரிக்கும் கோதாவரிக்கும் அணை கட்டிய ஆர்தர் காட்டனும் தம் இளமையில் பாம்பன் கால்வாயை அளந்தவரே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈயக் குண்டு தொடுவது உள்ளங்கை அளவுத் தரையை மட்டுமே. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே கால் மைலோ அரை மைலோ இருக்கலாம். அந்த இடைவெளியைப் பற்றி வரைபடம் எதுவும் சொல்வதில்லை. ஆனால் அதைக் கையில் எடுத்தவன், அங்கேயும் ஏறத்தாழ அதே ஆழம்தான் இருக்கும் என்று நம்பியே கப்பலைச் செலுத்துகிறான்.

திருத்தூதர் பணிகள் நூலின் இருபத்தேழாம் அதிகாரம் நமக்கு நன்கு தெரிந்தது. நம் பாட்டன்மார் சின்னப்பர் என்று அழைத்த புனித பவுல் கைதியாக உரோமைக்குச் செல்கிறார். பதினான்காம் இரவு, நடுச்சாமம். கரை நெருங்குவதாகக் கடலோடிகள் உணர்கிறார்கள், ஆழம் பார்க்கிறார்கள், இருபது பாகம். சற்றுத் தள்ளி மீண்டும் பார்க்கிறார்கள், பதினைந்து பாகம். உடனே பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு விடியலுக்காகக் காத்திருக்கிறார்கள். பாறை இருக்கிறது என்று எவரும் கண்டதில்லை. இருக்கக்கூடும் என்ற அச்சமே அங்கு அறிவாயிற்று. கப்பல் பின்னர் உடைந்தது; ஆனால் பகல் வெளிச்சத்தில் உடைந்ததால் இருநூற்று எழுபத்தாறு பேரும் பிழைத்தார்கள்.

அங்கு கடல் படிப்படியாக எச்சரித்தது. பவளக் கடல் அப்படி எச்சரிப்பதில்லை. 1770 ஜூன் மாதத்தில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் சென்ற கேப்டன் குக்கின் கப்பலில் பதினேழு பாகம் என்று குரல் கொடுத்தான் குண்டு இறக்கியவன். மறுமுறை இறக்குவதற்குள் கப்பல் பவளப் பாறையில் ஏறி நின்றுவிட்டது. பதினேழு பாகம் என்றது பொய்யன்று. அந்த எண் நின்ற இடத்தில் அது முழு உண்மை.

எண்களின் நிலை இதுவென்றால், கடலோடிகள் வாய்மொழியாகக் கொண்டுவந்த செய்திகளின் நிலை என்னவாக இருந்திருக்கும்! நடுக்கடலில் வெள்ளையாக அலை உடைவதை ஒரு தலைவர் தொலைவிலிருந்து காண்கிறார். அது பாறையாக இருக்கலாம். இரு நீரோட்டங்கள் மோதும் சுழிப்பாகவும், செத்து மிதக்கும் திமிங்கிலமாகவும், வேரோடு அடித்து வரப்பட்ட மரமாகவும் இருக்கலாம். நுண்ணுயிர்கள் பெருகி நீர் நிறம் மாறியதையே மேடு என்று நினைத்தவர்களும் உண்டு. கிட்டே போய்ப் பார்க்கக் காற்று இடம் தராது, துணிவும் வராது. துறைமுகம் சேர்ந்ததும் ஆபத்தைக் கண்டதாக அறிவிக்கிறார். தீர்க்கரேகையைச் சரியாகக் கணிக்கும் கடிகாரங்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அரிய பொருள்கள். ஆகவே அவர் சொன்ன இடம் முப்பது, நாற்பது மைல் பிசகியிருக்கலாம். அதே பாறையை வேறிருவர் வேறிரு இடங்களில் இருப்பதாக அறிவித்தால் வரைபடத்தில் மூன்று பாறைகள் முளைக்கும். அதைப் பார்த்துப் படி எடுப்பவர் மூன்றையும் எழுதுவார். அதையும் பார்த்து எழுதுபவருக்கோ, இத்தனை வரைபடங்கள் சொல்வதால் இன்னும் உறுதி. முதல் சாட்சி ஒருவரே என்பது மறைந்துபோகும்.

இந்தச் சிக்கலுக்குக் கடல் வரைபடக்காரர்கள் கண்ட வழி எளிமையானது. பாறையின் குறிக்கு அருகே சிறு எழுத்துகளை இட்டார்கள். ‘இடம் ஐயத்திற்குரியது’ என்று ஒரு குறி. ‘இருப்பதே ஐயத்திற்குரியது’ என்று மற்றொரு குறி. நம் தமிழில் இதற்கு எழுத்துகூடத் தேவையில்லை. ஒரு விகுதி போதும். ‘அங்கே பாறை இருக்கிறது’ என்பது ஒன்று. ‘அங்கே பாறை இருக்கிறதாம்’ என்பது வேறு. சொல்பவன் நேரில் கண்டானா, கேட்டுச் சொல்கிறானா என்பதை இந்த ‘ஆம்’ காட்டிக் கொடுத்துவிடும். நம் பாட்டிமார் கதை சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் அதைத் தவறாமல் சேர்த்தார்கள். தமிழ் இலக்கணம் நமக்குத் தந்த நேர்மைகளுள் இதுவும் ஒன்று என்பது என் துணிபு.

ஆனால் இந்த ‘ஆம்’ நீண்ட பயணம் தாங்காது. மூன்று வாய் மாறுவதற்குள் உதிர்ந்துவிடும். இதற்குக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. திருமண விசாரிப்பு ஒன்றே போதும். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிக்கிறார்கள். ‘அந்தப் பையனுக்குக் குடிப்பழக்கம் உண்டாம்’ என்று தேநீர்க் கடையில் ஒருவர் சொல்கிறார். அது வீடு திரும்பும்போது ‘உண்டு’ என்றாகிவிடுகிறது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. கொண்டுவந்தவருக்கும் வஞ்சனை இல்லை. ஆயினும் ஓர் இளைஞனின் பெயரருகே ஒரு பாறை குறிக்கப்பட்டுவிட்டது. அடுத்த வீட்டாரும் அதற்கடுத்த வீட்டாரும் சுற்றிக்கொண்டே போவார்கள். எவரும் அருகே சென்று ஆழம் பார்க்கமாட்டார்கள்.

இதற்கு அஞ்சி வாயை மூடிக்கொள்வது அறமாகுமா? நம் ஆலயங்களில் திருமண ஓலை வாசிக்கப்படுவது எதற்காக? தடை ஏதேனும் அறிந்தவர் அதைப் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்கும் கடமை உடையவர் என்பதற்காகவே. உண்மையிலேயே குடித்துவிட்டு அடிக்கும் ஒருவனிடம் ஒரு பெண்ணை ஒப்படைக்கும்போது ‘நமக்கேன் வம்பு’ என்று இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர்! அவர்களது மௌனமும் ஒரு வரைபடம்தான். பாறை இருக்கும் இடத்தில் வெறும் நீல நிறம் தீட்டிய வரைபடம். ‘பொய்ச்சான்று சொல்லாதே’ என்ற கட்டளையை நாம் பெரும்பாலும் வாய் திறக்கும்போதுதான் நினைக்கிறோம். நம் கரிசல் காட்டு ஆடு மேய்ப்பவர் நம்மைவிடத் தெளிவானவர். கைப்பிடிச் சுவர் இடிந்த பாழ்கிணறு ஒன்று புதர் மூடிக் கிடப்பதைக் கண்டால் கருவேல முள்ளை வெட்டி விளிம்பில் போட்டுவிட்டுப் போவார். கிணறு எவருடையது என்று அவர் கேட்பதில்லை.

கடலுலகில் இம்முள்ளைப் போட மறுத்தவர்கள் இருந்தார்கள். 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, தன் கடல் வரைபடங்களை வணிக இரகசியமாகவே காத்தது. பயணம் முடிந்ததும் கப்பல் தலைவர் அவற்றைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். போர்ச்சுக்கீசியரும் அப்படியே செய்தவர்கள்தாம். அவ்வரைபடங்களை வான் கோய்லன் என்னும் பதிப்பாளர் 1753இல் நூலாக அச்சிட்ட பிறகுதான் பொதுமக்கள் கண்டார்கள். மிளகு எங்கே மலிவு என்பதை மறைப்பது வணிகம். பாறை எங்கே என்பதை மறைப்பதை அப்பெயரால் அழைக்க என் மனம் இடம் தரவில்லை.

இனி எதிர்ப்பக்கம். ஐயத்திற்குரிய பாறைகளை எல்லாம் எழுதி வைத்துவிட்டால் என்ன நட்டம்? இல்லாத பாறையில் மோதி எந்தக் கப்பலும் உடையாதே! எச்சரிக்கை மிகுதியானால் கெடுதல் இல்லை என்பது பெரும்பாலோர் கருத்து. நானும் அதை எளிதில் ஒதுக்கமாட்டேன். எனினும் பாய்மரக் கப்பலுக்குச் சுற்று வழி என்பது சிறு தொல்லையன்று. காற்றைத் தவறவிட்டால் வாரக்கணக்கில் நிற்க நேரும். பீப்பாயில் குடிநீர் கெடும். மாலுமிகளின் ஈறுகள் வீங்கி இரத்தம் கசியும். இல்லாத பாறையை விட்டு விலகும் கப்பல் இருக்கும் பாறையை நோக்கிப் போகவும் கூடும். அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. பத்துப் பொய்ப் பாறைகளைக் கடந்து சென்ற தலைவர் பதினோராவதை நம்பமாட்டார். அதுதான் மெய்யானதாக இருக்கும்.

இந்த இரு தீமைகளுக்கும் நடுவே வாழ்ந்தவர் ஜேம்ஸ் ஹார்ஸ்பரோ. ஸ்காட்லாந்துக் கடற்கரையில் 1762இல் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1786 மே 30ஆம் நாள், பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ‘அட்லஸ்’ என்னும் கப்பலில் அவர் முதல் துணைத்தலைவர். நடு இந்தியப் பெருங்கடலில் உள்ள தியேகோ கார்சியா என்னும் தாழ்ந்த பவளத் தீவில் கப்பல் மோதி உடைந்தது. காரணம், வரைபடத்தின் பிழை. உயிர் பிழைத்த அவர் அன்றுமுதல் செய்ததுதான் எனக்கு வியப்பு. சீனத்திற்கும் இந்தியாவிற்கும் இடையே கப்பலோட்டிக்கொண்டே, காற்று, நீரோட்டம், ஆழம், பாறை பற்றிய குறிப்புகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்தார். தாம் அளந்தவை மட்டுமல்ல. பிறர் ஏடுகளிலிருந்து எடுத்தவையும் அவற்றுள் உண்டு. 1809க்கும் 1811க்கும் இடையே அவை கிழக்கிந்தியப் பயணிகளுக்கான வழிகாட்டி நூலாக வெளிவந்தன. அதில் ஐயமான திட்டு ஒன்றைப் பேசும்போது, எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எப்படிக் கண்டது, பிறகு அவ்வழியே போனவர்கள் கண்டார்களா இல்லையா என்று சாட்சிகளை வரிசையாக நிறுத்துவார். வாசிப்பவன் தானே நிறுத்துப் பார்க்கலாம். அந்நூல் அவருக்குப் பின்னும், 19ஆம் நூற்றாண்டின் பாதியைக் கடந்தும் கப்பல்களில் இருந்தது. அவரது பெரும்பணி ‘ஆம்’ என்ற விகுதியை உதிராமல் காத்ததே என்று சொல்லலாம்.

அவருக்கு முன் கம்பெனியின் வரைபடப் பொறுப்பில் இருந்தவர் அலெக்சாந்தர் தால்ரிம்பிள். பதினைந்து வயதில், 1752இல், எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். 1795இல் பிரித்தானியக் கடற்படையின் முதல் வரைபட அதிகாரி ஆனவர். நூற்றுக்கணக்கான வரைபடங்களைக் கவனமாக வெளியிட்ட அவரே, தென்கடலில் ஒரு மாபெரும் கண்டம் உண்டென்றும் அதில் ஐந்து கோடிக்கு மேல் மக்கள் வாழ்வர் என்றும் உறுதியாக எழுதினார். 1772 முதல் 1775 வரை குக் அந்தக் கடலைச் சுற்றி வந்தபோது அங்கே குளிரும் பனிக்கட்டியும்தான் இருந்தன. சிறு பாறையைக் குறிக்கத் தயங்கிய கை ஒரு கண்டத்தையே வரைந்துவிட்டது! வெற்றிடத்தை வெற்றிடமாக விட்டுவைக்க மனிதனுக்கு எத்துணைக் கடினமாக இருக்கிறது. அறிவாளிகளுக்கு இன்னும் கடினம் போலும்.

எழுதியதை அழிப்பது மற்றொரு சோதனை. 1875இல் பிரித்தானியக் கடற்படை வரைபட அலுவலகத்தின் தலைவர் பிரடெரிக் எவான்ஸ், பசிபிக் பெருங்கடல் வரைபடத்திலிருந்து 123 தீவுகளை நீக்கினார். எத்தனையோ கப்பல்கள் அவ்விடங்களைக் கடந்தும் அவற்றைக் கண்டதில்லை என்பதே காரணம். அவற்றுள் 120 உண்மையிலேயே இல்லாதவை. மூன்று இருந்தன; அம்மூன்றையும் பின்னர் மீண்டும் சேர்க்க நேர்ந்தது. எவான்ஸ் செய்தது சரியா? சரியே என்பது என் முடிவு. இல்லாத நூற்றிருபதைச் சுமந்துகொண்டிருந்தால் எந்தக் குறியையும் எவரும் நம்பியிருக்கமாட்டார்கள். ஆனால் இடைப்பட்ட காலத்தில் அம்மூன்றில் ஒன்றின்மேல் இரவில் ஏறிய கப்பல் ஒன்று இருந்திருந்தால், அதன் மாலுமியின் மனைவிக்கு இந்த நியாயத்தை எப்படிச் சொல்வது? அதற்கு விடை இல்லை. நன்றாகச் சிந்தித்து, நல்ல காரணத்தோடு செய்த முடிவாலும் ஒருவர் சாகலாம். அப்படியும் முடிவெடுக்காமல் இருக்க முடியாது என்பதே பொறுப்பில் இருப்பவர்களின் பாரம். நலம் விசாரிக்கப் போகும் தாய்மாமனுக்கும் அந்தப் பாரம் உண்டு.

செயற்கைக்கோள் காலத்தில் இவையெல்லாம் பழங்கதை என்று தோன்றலாம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவே சாண்டித் தீவு என்று ஒன்று, 1876இல் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல் தந்த செய்தியிலிருந்து வரைபடங்களில் இருந்துவந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1970களிலேயே தங்கள் வரைபடத்திலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். மற்றவர்கள் படியெடுத்துக்கொண்டே இருந்தார்கள். கணினி வரைபடங்களும் அதைக் காட்டின. 2012 நவம்பரில் ஆய்வுக் கப்பல் ஒன்று அவ்விடத்திற்கே போய்ப் பார்த்தபோது தீவு இல்லை. 1,300 மீட்டருக்கும் அதிகமான ஆழமே இருந்தது. உலகக் கடல்தரையில் இன்றும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் கருவிகளால் நேரடியாக அளக்கப்பட்டிருக்கிறது.

நம் மன்னார் வளைகுடாவில் நேர்ந்தது இதற்கு மாறானது. தீவுகள் இருபத்தொன்று என்று எண்ணப்பட்டன. அவற்றுள் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இப்போது நீருக்குள். பல ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்கும் அரண் போயிற்று, மணல் கரைந்தது. தீவாக இருந்தபோது அவற்றைக் கண்ணுள்ள எவனும் கண்டு விலகிப் போனான். மூழ்கிய பிறகு அவை காணப்படாத மேடுகள் ஆகிவிட்டன. பழைய வரைபடத்தில் கரைக்கோட்டை அழித்து நீல நிறம் தீட்டினால் போதாது. யாரேனும் அங்கே போய், கயிற்றை இறக்கி, எத்தனை பாகம் என்று பார்த்து எழுதியாக வேண்டும்.